சிறு கால்களும் ஆற்றுக் கணக்கும்

குடும்பம் நடத்துவோர் எவரும் வரவு செலவு எழுதாமல் நெடுநாள் நிலைத்ததில்லை. கலியாணச் செலவையும் கிணறு வெட்டிய செலவையும் எழுதாவிட்டாலும் நினைவில் வைத்திருப்பர். கணக்கைக் கவிழ்ப்பவை அன்றாடம் கைவிட்டுப் போகும் சில்லறைச் செலவுகளே. ஓர் ஆற்றின் கணக்கும் இத்தன்மையதே. பெரிய அணைக்கட்டுகளில் திரும்பும் நீரை எல்லாரும் அறிவர். ஓடையோரத்திலும் கிளை நதிகளிலும் ஐம்பது ஏக்கருக்கும் நூறு ஏக்கருக்கும் பாயும் சிறு கால்கள் எடுக்கும் நீரோ எந்த ஏட்டிலும் சரியாக ஏறுவதில்லை. இச்சிறு கால்களை ஆற்றுக் கணக்கில் எவ்வாறு சேர்ப்பது என்பது இஞ்சினீயர்களுக்கு மாத்திரம் உரிய விஷயமன்று. நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் கவனிக்க வேண்டிய விஷயமாகும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஆற்றுக் கணக்கு யாது?

இந்நாளில் ஓர் ஆற்றின் நீரைப் புதிதாகப் பங்கிடுமுன் அதற்கு ஒரு மாதிரிக் கணக்குத் தயாரிப்பது வழக்கமாகிவிட்டது. ஆறு மலையை விட்டு இறங்கும் இடம் முதல் கடலில் சேரும் இடம் வரையில், மேலிருந்து கீழாக ஒவ்வோர் அணைக்கட்டிலும் நின்று, மாதந்தோறும் வந்த நீர் எவ்வளவு, காலில் திரும்பியது எவ்வளவு, பயிர் உண்டது எவ்வளவு, கசிந்தும் வடிந்தும் ஆற்றுக்கே மீண்டது எவ்வளவு என்று எழுதிக்கொண்டு போவதே அக்கணக்கு. கணிப்பொறியின் உதவியால் பல வருஷத்து மழையையும் வெள்ளத்தையும் இதில் ஓட்டிப் பார்த்து, புதிதாக ஒரு குடிநீர்த் திட்டமோ கால்வாயோ வந்தால் யாருக்கு எந்த மாதத்தில் எவ்வளவு குறையும் என்று முன்னதாகவே சொல்ல முடிகிறது. ஆகவே, இக்கணக்கில் இடம் பெற்றவனுடைய நஷ்டம் வெளிப்படும். இடம் பெறாதவனுடைய நஷ்டம் வெளிப்படாது. இதனினும் பெரிய காரணம் ஒன்று இவ்விஷயத்தில் அக்கறை கொள்ள வேண்டுவதில்லை.

தாமிரபரணியை எடுத்துக்கொள்வோம். பொதிகை மலையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடல் சேரும் இந்நதியின் மீது கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என 8 அணைக்கட்டுகள் உள்ளன. இவற்றிலிருந்து 11 கால்வாய்கள் பிரிந்து ஏறக்குறைய 86,000 ஏக்கர் நிலத்துக்குப் பாசனமளிக்கின்றன. இந்தக் கால்களின் பெயரும் ஆயக்கட்டும் யாவரும் அறிந்தவை. இவற்றைத் தனித்தனியே கணக்கில் எழுதுவதில் சிரமமில்லை.

ஆனால் தாமிரபரணி இந்த எட்டு அணைக்கட்டுகளோடு முடிந்துவிடவில்லை. ராமநதியையும் ஜம்பு நதியையும் கூட்டிக்கொண்டு வரும் கடனா நதி திருப்புடைமருதூரில் கலக்கிறது. குற்றால மலையிலிருந்து வரும் சிற்றாறு, தன்மீது கட்டப்பட்ட 17 அணைக்கட்டுகளையும் கடந்து, சீவலப்பேரியில் கலக்கிறது. மணிமுத்தாறும் பச்சையாறும் வேறு உண்டு. இக்கிளை நதிகளிலும் அவற்றில் விழும் ஓடைகளிலும் கல்லடுக்கி மறித்த சிறு கால்கள் பல. அவற்றுள் பலவற்றுக்கு அளவுகோலும் இல்லை. மதகில் ஆளும் இல்லை. தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அற்பம். சேர்த்துப் பார்த்தால் அற்பமன்று.

இரண்டு தவறான வழிகள்

இவற்றை என் செய்வது? எளிதாகத் தோன்றும் வழிகள் இரண்டுள. இரண்டும் தவறானவை.

முதலாவது, சிறியவை என்று விட்டுவிடுவது. அவ்வாறு விட்டால், அவை எடுத்த நீரெல்லாம் ஆற்றிலேயே ஓடுவதாகக் கணக்கு காட்டும். மழை குறைந்த வருஷத்துக் கார் பருவத்தில் ஸ்ரீவைகுண்டம் அணையில் வராத நீர், ஏட்டில் வந்திருக்கும். அந்த ஏட்டு உபரியை நம்பி வேறொருவருக்கு வாக்குக் கொடுக்கப்படும். பிறகு கடைமடைக்காரர் பயிர் வாடி நிற்கையில், 'கணக்கின்படி உமக்கு நீர் இருக்கிறதே' என்ற பதில் கிடைக்கும்.

இரண்டாவது, ஒன்று விடாமல் எல்லாக் கால்களையும் தனித்தனியே எழுதுவது. இது நியாயமாகவே தோன்றும். ஆயினும், அளக்கப்படாத காலுக்கு நீர்ச்செலவை ஏக்கரையும் பயிரையும் கொண்டு உத்தேசமாகத்தான் எழுத வேண்டும். நூறு கால்களுக்கு நூறு உத்தேசங்களை எழுதிவிட்டு, ஒவ்வொன்றும் அளந்து கண்டது போலப் பாவிப்பது தன்னைத்தானே ஏமாற்றிக் கொள்வதாகும். மாறாக, ஒரே தன்மையுள்ள பத்துக் கால்களை ஒன்றாகக் கூட்டினால், ஒன்றில் அதிகமாகவும் மற்றொன்றில் குறைவாகவும் எழுதிய பிழைகள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்து, மொத்தம் உண்மைக்கு அருகில் நிற்கும். ஆகவே சிறு கால்களை விடவும் கூடாது; தனித்தனியே எழுதவும் வேண்டுவதில்லை; தொகுதிகளாகச் சேர்ப்பதே முறை.

இம்முறையைப் பெரிய அளவில் கையாண்ட தேசங்களுள் ஒன்று அமெரிக்க ஐக்கிய நாடு. அந்நாட்டின் கொலராடோ மாகாணத்தார் 1990-ஆம் வருஷங்களில் தொடங்கித் தங்கள் நதிகளுக்கு இத்தகைய மாதிரிக் கணக்குகள் தயாரித்தனர். மேற்கு மலைச்சரிவில் ஓடும் யாம்ப்பா, கன்னிசன் முதலிய நதிகளின் கணக்கில், மொத்தப் பாசனச் செலவில் ஏறக்குறைய 75 சதவீதம் வரையில் பெரிய கால்களைத் தனித்தனியே எழுதினர். எஞ்சிய 25 சதவீதத்தைச் சிறு கால்களின் தொகுதிகளாகச் சேர்த்தனர். எதையும் விடவில்லை. அங்கே முந்தி நீரெடுத்தவருக்கே முந்திய உரிமை என்பது சட்டம். ஆகையால் தொகுதிக்குள்ளும் பழைய உரிமை வேறு, புதிய உரிமை வேறு என்று வகுத்தே வைத்தனர். நம் நாட்டுச் சட்டமும் வழக்கமும் வேறு. எனினும் பெரியதைத் தனியே எழுதி, சிறியதைத் தொகுத்து, எதையும் விடாதிருக்கும் அந்த நெறி நமக்கும் ஏற்றதே.

தொகுப்பது எவ்வாறு?

தொகுப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. தாலுகா ஒன்றுக்கு ஒரு தொகுதி, பிர்க்கா ஒன்றுக்கு ஒரு தொகுதி என்று வகுப்பது எழுத்து வேலைக்குச் சுலபம். ஆயின் ஆறு தாலுகா எல்லையை அறியாது. 2019-ல் திருநெல்வேலி ஜில்லாவிலிருந்து தென்காசி ஜில்லா பிரிந்தது, சிற்றாறு பிரியவில்லை. அது முன்போலவே இரு ஜில்லாக்களிலும் ஓடிச் சீவலப்பேரியில்தான் கலக்கிறது. சிற்றாற்றுக் கால்கள் எடுக்கும் நீரும் அவற்றின் வடிநீரும் மருதூர் அணைக்கட்டையும் ஸ்ரீவைகுண்டத்தையும் பாதிக்குமேயன்றி, சுத்தமல்லி அணைக்கட்டைத் தொடுவதில்லை. அவற்றைக் கடனா நதிக் கால்களோடு ஒரே தொகுதியில் சேர்த்தால் மேலேயுள்ள அணைக்கட்டுகளின் கணக்கும் கெடும். கீழேயுள்ளவற்றின் கணக்கும் கெடும்.

ஆகையால் முதல் விதி: ஒரே ஆற்றுப் பகுதியில் உள்ள கால்களையே ஒரு தொகுதியாக்க வேண்டும். ஒரு தொகுதியின் தலைக்காலுக்கும் கடைசிக் காலுக்கும் இடையில் பெரிய அணைக்கட்டோ, நீர்த்தேக்கமோ, கிளை நதி கலக்கும் இடமோ, நீர் அளக்கும் நிலையமோ இருத்தலாகாது. இதன் அவசியத்தை ஓர் உதாரணத்தால் காட்டலாம்.

ஓர் ஓடையில் 20 பங்கு நீர் வருகிறதென்று கொள்வோம். மேலே ஒரு சிறு கால். அதற்கு 10 பங்கு வேண்டும். நடுவில் ஒரு பெரிய அணைக்கட்டு. அதற்கு 8 பங்கு. கீழே மற்றொரு சிறு கால். அதற்கும் 10 பங்கு. சிறு கால் எடுத்ததில் பத்துக்கு நான்கு பங்கு உடனே ஓடைக்கு வடிகிறதென்றும், பெரிய அணைக்கட்டின் வடிநீர் கீழ்க்காலுக்கும் அப்பால் போய்ச் சேர்கிறதென்றும் வைத்துக்கொள்வோம். உண்மையில் நடப்பது இது: மேற்கால் 10 எடுக்க, 4 திரும்ப, அணைக்கட்டுக்கு 14 வருகிறது. அது 8 எடுக்க, கீழ்க்காலுக்கு 6 கிடைக்கிறது. குறை 4 பங்கு. இனி, இரு சிறு கால்களையும் தொகுத்து அணைக்கட்டுக்கு மேலே வைத்து எழுதிப் பாருங்கள். தொகுதி 20 எடுக்கிறது, 8 வடிகிறது, அணைக்கட்டு அந்த 8-ஐப் பெறுகிறது, ஒருவருக்கும் குறையில்லை! அதே தொகுதியை அணைக்கட்டுக்குக் கீழே வையுங்கள். அணைக்கட்டு 8 எடுத்தது போக 12 மிஞ்ச, தொகுதிக்குக் குறை 8 பங்கு. அந்தக் குறை, உண்மையில் குறையே இல்லாத மேற்காலின் தலையிலும் விழுகிறது. நீர் ஒன்றே, நிலம் ஒன்றே. தொகுதியை வைத்த இடத்தால் குறை 0 என்றும் 4 என்றும் 8 என்றும் மூவிதமாக மாறுகிறது. எந்த இடத்தில் வைப்பது என்பதை ஓடையை நேரில் அறிந்தவரே சொல்ல முடியும்.

இரண்டாவது விதி: ஒரே பருவமும் ஒரே வழக்கமும் உள்ள கால்களைச் சேர்க்க வேண்டும். காரும் பிசானமும் ஆகிய இரு போகத்துக்கும் பாயும் காலை, பிசானத்துக்கு மாத்திரம் பாயும் காலோடு சேர்த்தால், ஜூன் முதல் செப்டம்பர் வரையில் இல்லாத செலவு இருப்பதாகத் தோன்றும். அவ்வாறே, வற்றாத நீரில் முதல் பாத்தியம் உள்ள பழைய காலையும், வெள்ளம் வந்தால் மாத்திரம் நீர் ஏறும் மேட்டுக் காலையும் ஒன்றாக்கினால், பழைய காலின் பாத்தியம் மங்கிப்போகும். மேட்டுக் காலுக்கு இல்லாத பாத்தியம் உண்டாகும்.

மூன்றாவது விதி: குளத்துக்குப் பாயும் கால்களைத் தனித் தொகுதியாக்க வேண்டும். நேரே வயலுக்குப் பாயும் கால் நீரெடுக்கும் மாதமும் பயிர் நீருண்ணும் மாதமும் ஒன்றே. குளத்துக்குப் பாயும் காலோ ஐப்பசி கார்த்திகையில் ஆற்றிலிருந்து எடுத்ததைத் தை மாசியில் வயலுக்கு விடுகிறது. நம் பக்கத்தில் ஒரு குளத்தின் மறுகால் அடுத்த குளத்துக்குச் செல்வதும், இவ்வாறு சங்கிலித் தொடராகப் பல குளங்கள் நிறைவதும் சாதாரணம். அத்தொடர் முழுவதையும் ஒரு தொகுதியாக்கி, எல்லாக் குளங்களின் கொள்ளளவையும் கூட்டி ஒரே குளம் போல எழுதலாம். ஆனால் கொள்ளளவு, கட்டிய நாளில் இருந்ததாக இருக்கக் கூடாது. மண்மேவியது போக இன்றுள்ளதாக இருக்க வேண்டும்.

நான்காவது விதி: ஒரே நிலத்துக்கு இரண்டு மூன்று கால்கள் பாயுமாயின், அவற்றை ஒரே பாசனமாக எழுத வேண்டுமேயன்றி, அந்நிலத்தை இருமுறை மும்முறை எண்ணலாகாது. ஆற்றுக்காலும் கிணற்று மோட்டாரும் சேர்ந்து நனைக்கும் வயலுக்கும் இதுவே விதி. பயிர் உண்ணும் நீர் ஒன்றுதான். அதில் எவ்வளவு காலால் வந்தது, எவ்வளவு கிணற்றால் வந்தது என்று பிரித்தெழுத வேண்டும்.

ஓர் ஆட்சேபம்

தொகுதி என்ற சொல்லைக் கேட்டதும் நம் விவசாயிகள் பலர் அஞ்சுவர். 'எங்கள் பாட்டன் காலத்துக் காலை நாலு காலோடு சேர்த்து எழுதிவிட்டால் நாளைக்கு எங்கள் பாத்தியத்தை யார் ஒப்புக்கொள்வர்?' என்பது அவர்கள் கேள்வி. இது நியாயமான அச்சம்; இதனை அலட்சியம் செய்வது தவறு. பெயர் மறைந்தால் பின்னர்ப் பாத்தியமும் மறைந்ததாகக் கொள்ளப்படும் என்பதற்கு நம் கிராமங்களிலேயே உதாரணம் காணலாம்.

இதற்குப் பரிகாரம் தொகுக்காமல் விடுவதன்று. தொகுதியோடு அதன் அட்டவணையைச் சேர்த்து வைப்பதேயாகும். ஒவ்வொரு தொகுதிக்கும், அதில் அடங்கிய கால்களின் பெயர், தலைப்பு இருக்கும் இடம், பாயும் கிராமம், சர்வே நம்பர்கள், ஏக்கர், பருவம், வழக்கமான முறைப்பாடு ஆகியவற்றை எழுதி, ஒரு பிரதி கிராமத்திலும் ஒரு பிரதி நீர்வள இலாகாவிலும் இருத்தல் வேண்டும். தொகுதி கணக்குக்கு மாத்திரமே. பாத்தியத்துக்கு அன்று என்று அட்டவணையின் தலைப்பிலேயே எழுதிவிடலாம். வேண்டும்போது தொகுதியைப் பிரித்துப் பார்க்கக் கூடியதாக இருந்தால் ஒருவருக்கும் நஷ்டமில்லை. அட்டவணையில்லாத தொகுதியை விவசாயிகள் ஒப்புக்கொள்ள வேண்டுவதில்லை என்பது என் அபிப்பிராயம்.

கணக்கில் ஏறாதது பிறர் கையில் எவ்வாறு முடியும் என்பதற்குக் காவிரி வழக்கு ஒரு பாடம். 2007-ல் நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி. என்று தீர்ப்பளித்தது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதனை 404.25 ஆகக் குறைத்தது. குறைத்த 14.75-ல் 10 டி.எம்.சி., தமிழ்நாட்டுக் காவிரிப் படுகையின் நிலத்தடி நீரைக் கருதிக் குறைத்ததாகும். கிணறு ஒவ்வொன்றும் சிறிது. ஆயினும் அவற்றின் மொத்தம் இரு மாநிலங்களின் பங்கையே மாற்றிற்று. நம் சிறு ஆதாரங்களை நாமே ஒழுங்காக எண்ணி வைக்காவிடில், பிறர் தம் நோக்கப்படி எண்ணிவிடுவர்.

தாமிரபரணியிலும் இது வெறும் யோசனையன்று. திருநெல்வேலி, தூத்துக்குடி ஜில்லாக்களின் பல ஊர்களுக்கு இந்நதியே குடிநீர். கன்னடியன் காலிலிருந்து வெள்ள உபரியைக் கருமேனியாற்றுக்கும் நம்பியாற்றுக்கும் கொண்டு செல்லும் இணைப்புக் கால்வாய் வேலை 2009-ல் தொடங்கப் பெற்றது. சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்து வறண்ட பூமிக்கு நீர் போவதை எவரும் குறை கூறார். ஆயின் உபரி என்பது ஆற்றில் கண்ணுக்குத் தெரியும் வெள்ளமன்று. எல்லாருடைய செலவும் எழுதிய பின் மிஞ்சுவதே உபரி. சிறு கால்களை எழுதாத கணக்கில் உபரி எப்போதும் அதிகமாகவே இருக்கும்.

செய்ய வேண்டியவை

கிராம அதிகாரிகள் செய்யக்கூடியது அதிகம். நீர்ச்செலவை உத்தேசிக்க ஆதாரம் அடங்கலே. எந்த சர்வே நம்பரில் என்ன பயிர், எவ்வளவு ஏக்கர், எந்த ஆதாரத்துப் பாசனம் என்பதை வயலுக்குப் போய்ப் பார்த்தெழுதிய அடங்கல், எந்தக் கணிப்பொறியினும் பெறுமதியுள்ளது. சென்ற வருஷத்துப் பதிவையே இவ்வருஷமும் பெயர்த்தெழுதினால் கணிப்பொறி அந்தப் பொய்யையே பெருக்கித் தரும். பாசன ஆதாரத்தை எழுதும்போது 'கால்' என்று மாத்திரம் எழுதாமல், காலின் பெயரையும் எழுதினால், தொகுதிகளின் அட்டவணை பாதி தயாரானதாகும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை பெய்த அந்தப் பெருவெள்ளத்தில் கரை உடைந்த குளங்களும் தூர்ந்த கால்களும் பல. அவ்வெள்ளத்துக்கு முந்திய ஏக்கர் கணக்கை அப்படியே நம்பாமல், எது இன்னும் பாய்கிறது, எது பாயவில்லை என்று மறுபடி பார்த்தெழுத வேண்டும்.

நிலமுடையோர் செய்ய வேண்டியது, உண்மையைச் சொல்வது. பாத்தியம் வலுக்கும் என்று ஏக்கரைக் கூட்டிச் சொல்வோர் உண்டு. பத்துப் பேரில் ஒருவர் கூட்டியும் ஒருவர் குறைத்தும் சொன்னால் தொகுதியின் மொத்தம் கெடாது என்று மேலே கூறினோம்; பத்துப் பேரும் கூட்டியே சொன்னால் பிழையோடு பிழை சேர்ந்து கணக்கே நம்பத்தகாததாகும். ஒரு தொகுதியில் பொய் கண்டுபிடிக்கப்பட்டால், அதிலுள்ள உண்மையான கால்களின் வார்த்தையும் செல்லாமற்போகும். மேலும், பாசன சங்கங்கள் தத்தம் ஆற்றுப் பகுதியில் எவை ஒன்றாகச் சேரும், எவை சேரா என்பதைக் கூடிப் பேசி எழுதிக் கொடுக்கலாம். எந்த மதகு முந்தித் திறக்கும், எந்த வடிகால் எந்த ஓடையில் விழும் என்பதை, மடையில் நிற்கும் நீர்பாய்ச்சியைவிட நன்றாக அறிந்தவர் யார்?

இலாகாவுக்கும் ஒரு வேண்டுகோள். தொகுதி வகுத்த பின்னர், அதனைச் சம்பந்தப்பட்ட கிராமங்களில் தமிழில் வாசித்துக் காட்டி, ஆட்சேபங்களைக் கேட்டுத் திருத்திய பிறகே முடிவு செய்தல் வேண்டும். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரே ஒரு காலையாவது தேர்ந்து, அதன் தலைப்பில் அளவுகோல் நட்டு இரண்டு மூன்று பருவங்கள் அளந்து பார்த்தால், மற்றவற்றின் உத்தேசம் சரியா என்பது தெரிந்துவிடும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை.

கடைமடையில் நீர் வராத நாளில் மேல்மடைக்காரனை ஏசுவதும், மேல்மடைக்காரன் இலாகாவை ஏசுவதும் பழைய வழக்கம். நதியின் கணக்கில் ஒவ்வொரு சிறு காலும் தனக்குரிய இடத்தில் நின்றால், குறை எங்கே தொடங்குகிறது என்பதை எல்லாரும் ஒரே ஏட்டில் காணலாம். அடுத்த கார் பருவத்துக்கு முன்பே ஒவ்வொரு கிராமமும் தன் சிறு கால்களின் பட்டியலை எழுதி முடிக்குமானால், அதுவே அந்தக் கணக்கின் முதல் வரியாகும்.